காவிரி டெல்டா நெல்லும் தவறிப்போகும் தேதிகளும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பயிர்க் காப்பீட்டுப் படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று ஊரில் ஒரு பெயர் வாங்கிவிட்டேன். அதனால் மழை பெய்தாலும் ஆள் வரும், பெய்யாவிட்டாலும் ஆள் வரும். வருபவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் கொஞ்சம் நிலம் உள்ளவன், அவ்வளவுதான்.

வெள்ளமும் வறட்சியும் எங்க தாத்தா காலத்துலயே இருந்துச்சே. இதுல புதுசா என்ன காலநிலை மாற்றம்?

இருந்தது, மறுக்கவில்லை. 1952 புயலும் 1977 புயலும் நாகப்பட்டினம் பக்கம் செய்த நாசத்தைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் அதை ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிகிறது. நம் பிள்ளைகளால் அப்படிச் சொல்ல முடியாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. 2018 நவம்பரில் கஜா புயல். 2020இல் நிவர், அதன் பின்னாலேயே புரெவி. 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா மேல் மழை. 2023 பிப்ரவரியில் மறுபடி அதே கதை. அதே ஆண்டு அக்டோபரில் தண்ணீரில்லாமல் மேட்டூர் அணை மூடல். எட்டு ஆண்டுக்குள் இத்தனை.

இவை ஒவ்வொன்றும் காலநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். காவிரித் தண்ணீர் தகராறு அதற்கு முன்பே இருக்கிறது. ஆனால் அடிப்படை மாறியிருக்கிறது. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால்தான் பெய்யாத நாட்கள் நீளுகின்றன, பெய்யும்போது ஒரே கொட்டாகக் கொட்டுகிறது.

அப்ப மழை குறைஞ்சதுதான் பிரச்சினையா, கூடினதுதான் பிரச்சினையா?

இரண்டும் இல்லை. தேதி தவறுவதுதான் பிரச்சினை. டெல்டாவின் சாகுபடி முழுவதும் ஒரு நாட்காட்டியின் மேல் நிற்கிறது. ஜூனில் ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நட்டு, பெருமழைக்கு முன் அறுத்துவிட வேண்டும். சம்பா மழைக்கு முன் வேர் பிடித்து, மழையில் வளர்ந்து, தையில் காய்ந்த வயலில் அறுவடையாக வேண்டும். குறுவை அறுத்த வயலில் நடும் தாளடி, இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட கடைக்குட்டி.

ஆண்டு முழுவதற்குமான மழைக் கணக்கைப் பார்த்தால் 'இயல்பு' என்று போட்டிருப்பார்கள். ஆனால் அந்த இயல்பான மழையில் பாதி நாலு நாளில் பெய்திருக்கும், அந்த நாலு நாளும் கதிர் சாயும் நாளாக இருந்திருக்கும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்துக்குத்தான் திரும்பி வரும்.

ஜூன் 12ல மேட்டூர் திறந்துட்டா எல்லாம் சரியாயிடுமா?

ஜூன் 12 மேல் நமக்கு ஒரு பக்தியே உண்டு. ஆனால் 1934இல் அணை பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து சரியாக அந்தத் தேதியில் திறந்தது சுமார் 20 முறைதான். 2012 முதல் 2019 வரை ஒரு முறைகூட இல்லை. 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது.

திறப்பதைவிட, திறந்த தண்ணீர் கடைசிவரை வருமா என்பதுதான் கேள்வி. 2023இல் ஜூன் 12 அன்று சரியாகத் திறந்தார்கள். நம்பி நட்டோம். தென்மேற்குப் பருவமழை காவிரி நீர்ப்பிடிப்பில் சொதப்பியதால் அக்டோபர் 10 அன்று அணை மூடப்பட்டது. தேதியில் திறந்தும் கருகியது. மறுவருடம் தலைகீழ்: ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 40 அடியில் கிடந்த அணை, குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையில் ஜூலை 30 அன்று 120 அடியைத் தொட்டது. ஒரே மாதத்தில் பஞ்சத்திலிருந்து உபரிக்கு. அந்த உபரி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. குறுவை நடும் பருவமோ முடிந்திருந்தது.

2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நமக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) காவிரித் தண்ணீர். அதற்கும் மாதவாரிக் கணக்கு உண்டு. ஆனால் மழை மாதவாரியாகப் பெய்வதில்லை.

மூணு போகத்துல எது அதிகமா அடி வாங்குது?

தாளடி என்பேன். குறுவை தண்ணீர் இல்லாமல் அடிபடும், சம்பா தண்ணீர் அதிகமாகி அடிபடும், தாளடி இரண்டாலும் அடிபடும். குறுவை பதினைந்து நாள் தள்ளிப்போனால் அறுவடை அக்டோபர் மழையில் மாட்டும். அதற்குப் பின் நடும் தாளடி, நட்ட பத்தாம் நாளே நவம்பர் வெள்ளத்தில் மூழ்கும். வேர் பிடிக்காத நாற்று ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும். மறு நடவு என்றால் நாற்றுக்கும் கூலிக்கும் இரண்டாவது முறை செலவு.

நெல்லு வெப்பப் பயிர்தானே? வெயில் கூடினா அதுக்கு நல்லதுதானே?

ஓரளவு வரைதான். நெல் பூக்கும் சமயத்தில்தான் அதற்குப் பலவீனம். காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகல் வரை பூ விரிந்து மூடும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி ஒரு மணி நேரம் நின்றால்கூட மகரந்தம் செத்துப்போகும். பூ பூத்த மாதிரியே தெரியும், கதிரும் நிமிர்ந்தே நிற்கும், உள்ளே மணி பிடிக்காத பதர். முற்றிய கதிர் தலை சாய வேண்டும். சாயாமல் நிற்கும் கதிரைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

போர்செட் வைத்துக்கொண்டு மார்ச், ஏப்ரலில் கோடை நெல்லும் முன்பட்ட குறுவையும் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அந்தப் பயிர் பூக்கும்போது கத்திரி வெயில். சம்பா பூக்கும் காலம் குளிர்ந்தது என்பதால் இந்த வகையில் அது தப்பித்துக்கொள்ளும்.

ராத்திரி புழுக்கம்கூட விளைச்சலைக் குறைக்கும்னு சொன்னீங்களே, அது எப்படி?

இதை யாரும் முதலில் நம்புவதில்லை. பகலில் செடி சமைக்கிறது, இரவில் மூச்சுவிட்டு அதில் கொஞ்சத்தைச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடும், மணிக்குப் போக வேண்டியது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் எடுத்த கணக்கு 2004இல் வெளியானது. வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடியபோது விளைச்சல் 10 சதவீதம் குறைந்திருந்தது. அது அவர்கள் நிலத்தின் கணக்கு. நம் வயலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் போக்கு இதுதான்.

மணி சீக்கிரம் முற்றிவிடுவதால் எடையும் குறையும், அரைக்கும்போது நொய்யும் கூடும். வியாபாரி கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பது இதனால்தான்.

கரியமில வாயு கூடினா பயிர் செழிப்பா வளரும்னு எங்கேயோ படிச்சேன்.

பொய்யில்லை. நெல்லுக்குக் கரியமில வாயு கூடுதலாகக் கிடைத்தால் வளர்ச்சி கூடும். ஆனால் கூடவே வரும் வெப்பம் அந்த லாபத்தைத் தின்றுவிடும். அதோடு, அப்படி வளர்ந்த அரிசியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைவாக இருப்பதை வயல் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

விளைச்சல் பத்து சதவீதம் குறைஞ்சா வருமானமும் பத்து சதவீதம்தானே குறையும்? அதுக்கு ஏன் இவ்வளவு புலம்பல்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் வங்கியில் வேலை பார்ப்பவர். அவருக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். எளிதாக இருக்கட்டும் என்று ஒரு மாதிரிக் கணக்கு: ஏக்கருக்கு 2,400 கிலோ, கிலோ 25 ரூபாய், ஆக 60,000 வரவு. உழவு, நாற்று, நடவு, உரம், களை, மருந்து, அறுவடை எல்லாம் சேர்த்து 40,000 செலவு. மிச்சம் 20,000. இப்போது விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது. வரவு 54,000. செலவு அதே 40,000தான்; பதருக்கும் உரம் போட்டாயிற்று. மிச்சம் 14,000. பத்து சதவீத விளைச்சல் போனதில் முப்பது சதவீத வருமானம் போயிற்று.

நிஜத்தில் செலவும் கூடும். சாய்ந்த பயிரை அறுக்க இயந்திரத்துக்கு நேரம் கூடுதல். வயலில் ஈரம் இருந்தால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான். அதற்கு வாடகை அதிகம். அதில் இரண்டாயிரம் போனால் மிச்சம் 12,000, அதாவது நாற்பது சதவீத இழப்பு. குத்தகைக்குச் செய்பவராக இருந்தால் அந்த 12,000இலிருந்து குத்தகை நெல்லும் அளக்க வேண்டும். அப்புறம் கையில் என்ன இருக்கும் என்று அவரையே கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

விளைச்சல் குறைஞ்சா விலை ஏறுமே. அதுல ஈடுகட்டிக்க முடியாதா?

ஏறும் விலை நம் களத்துக்கு வந்து சேருவதில்லை. 2023 எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் சூடாகி நம் பருவமழையைக் கெடுக்கும் ஆண்டு. அரிசி விலை ஏறிவிடும் என்று பயந்து மத்திய அரசு ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சந்தையில் விலை எகிறியது. அந்த விலையை வாங்கியவர்கள் வேறு நாட்டு விவசாயிகள். தடை நீங்க 2024 செப்டம்பர் ஆனது. அரிசி வாங்கித் தின்பவர்களைக் காப்பது அரசின் கடமை, அதில் குற்றம் காண முடியாது. ஆனால் அதன் செலவை விவசாயியின் கணக்கில் எழுதுகிறார்கள்.

இன்னொன்று, விலை ஏற வேண்டுமானால் பயிர் எல்லா ஊரிலும் போக வேண்டும். நம் ஊரில் மட்டும் போனால் விலை நகரவே நகராது. ஆந்திராவில் நன்றாக விளைந்திருக்கும்.

கொள்முதல் நிலையத்துல 17 சதவீதம் ஈரப்பதம்னு பிடிவாதம் பிடிக்கிறாங்களே, மழை பெஞ்சா நாங்க என்ன பண்றது?

நெல்லைச் சேமிக்கும் கணக்கில் 17 சதவீதம் நியாயமான வரம்பு. அதற்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டைக்குள் சூடேறி, பூஞ்சை பிடித்து, மணி கருத்துப்போகும். மத்தியத் தொகுப்புக்கு வாங்குவதால் வரம்பை நிர்ணயிப்பது மத்திய அரசு. மழை கெடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் கேட்டு, ஆய்வுக் குழு வந்து பார்த்து, தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் குழு வந்து அறிக்கை கொடுத்து உத்தரவு வருவதற்குள் நெல் முளைவிட்டுவிடும்.

முன்பு அரிவாளால் அறுத்து, அரியை வயலில் காயப்போட்டு, கட்டுக் கட்டி, களத்தில் அடிப்போம். அந்த நாட்களிலேயே நெல் பாதி காய்ந்துவிடும். இப்போது இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏக்கரை முடித்துவிடுகிறது; நெல் ஈரத்தோடு நேராகச் சாலைக்கு வருகிறது. மழையோ, அறுவடை நாளில்தான் வருகிறது. தை வெயில் நிச்சயமாக இருந்தவரை உலர்த்தும் இயந்திரம் தேவைப்படவில்லை. இன்றைக்கு ஒவ்வொரு பெரிய கொள்முதல் நிலையத்திலும் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து. புது ரகங்களைப் பற்றிப் பேசுவதில் பாதி நேரத்தை உலர்த்தியைப் பற்றிப் பேசியிருந்தால், நிறைய நெல் பிழைத்திருக்கும்.

2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். ஆனால் அது 17 சதவீதத்துக்குள் இருக்கும் நெல்லுக்கு. ஈர நெல்லை வாசலில் வந்து வாங்கும் வியாபாரியின் விலை வேறு.

இன்சூரன்ஸ் கட்டினேன், பயிரும் போச்சு, பணம் மட்டும் ஏன் வரல?

எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மிச்சப் பிரீமியத்தை அரசுகள் கட்டும். விளைச்சல் இழப்புக்கு இதில் உங்கள் வயலை யாரும் தனியாகக் காப்பீடு செய்யவில்லை. காப்பீடு செய்யப்பட்டது உங்கள் வருவாய் கிராமம். ஊரில் சில இடங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து அறுத்து எடை போடுவார்கள். அந்தச் சராசரிதான் எல்லாருக்கும். உங்கள் வயல் பள்ளத்தில் இருந்து மூழ்கியிருக்கலாம். சோதனை அறுவடை மேட்டு வயலில் நடந்திருந்தால் ஊருக்கு நல்ல விளைச்சல்.

அப்புறம் 'உத்தரவாத விளைச்சல்' என்று ஒன்று. கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 2,400 கிலோ என்றால் உத்தரவாதம் 1,920. ஊர்ச் சராசரி 1,800க்கு இறங்கினால் குறைவு 120 கிலோ, அதாவது 6.25 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 என்றால் கிடைப்பது 2,250 ரூபாய். ஊரே கால்வாசி விளைச்சலை இழந்தும் இவ்வளவுதான். மேலே வங்கிக்காரருக்குப் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபத்தைந்து சதவீத விளைச்சல் இழப்பில் லாபத்தில் முக்கால்வாசி போயிருக்கும்.

இதில் இன்னும் கொடுமையான ஒரு சங்கதி இருக்கிறது. மோசமான ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் அந்த 'நல்ல 5 ஆண்டுகளும்' இறங்கும். அவை இறங்க இறங்க உத்தரவாதமும் இறங்கும். எப்போதாவது ஒரு கெட்ட ஆண்டு வரும் என்று நினைத்துப் போட்ட திட்டம் இது. கெட்ட ஆண்டுகள் வரிசை கட்டினால் திட்டமும் கூடவே கீழே இறங்குகிறது.

அறுத்துப் போட்ட நெல்லு நனைஞ்சா 14 நாள் காப்பீடு உண்டுன்னு நோட்டீஸ்ல இருந்துச்சே?

உண்டு. அறுத்து வயலில் பரப்பியோ சிறு கட்டாகவோ காயப்போட்ட பயிர், 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்தீர்களா, 'பரப்பிய பயிர்'. நாம்தான் இயந்திரத்தில் அறுக்கிறோமே! சாலையோரம் தார்ப்பாய் மூடிக் குவித்து வைத்த நெல் இந்த வாசகத்துக்குள் வராது. அரிவாள் காலத்து விதி.

நிவாரணமும் காப்பீடும் ஒண்ணுதானா?

இல்லை. நிவாரணம் அரசு தருவது, பிரீமியம் கிடையாது, 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருக்க வேண்டும். 2023 பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். ஏக்கருக்குச் சுமார் 8,100. அதே ஆண்டு தண்ணீரில்லாமல் கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500. குறுவை சில ஆண்டுகளாகக் காப்பீட்டுக்குள்ளேயே இல்லாமல் இருந்ததால், அதை நட்டவர்களுக்கு இது ஒன்றுதான் வழி. நிவாரணம், காப்பீடு இரண்டையும் ஒரே சமயத்தில் பெறலாமா என்று கேட்கிறார்கள். பெறலாம்.

நான் குத்தகைதாரன். பட்டா முதலாளி பேர்ல. எனக்கு ஏதாவது கிடைக்குமா?

சட்டப்படி சாகுபடி செய்பவருக்குத்தான். காப்பீட்டைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பெயரில் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கணக்கு) வாங்கி நீங்களே கட்டலாம். ஆனால் டெல்டாவில் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சு. கோயில் நிலம், மட நிலம் என்றால் பதிவு இருக்கும், உள்குத்தகைக்குப் பதிவு இருக்காது. அடங்கலில் உங்கள் பெயர் ஏறினால் நாளை உரிமை கேட்பீர்களோ என்று நில உரிமையாளர் பயப்படுவார். முடிவில் பயிரின் நஷ்டம் குத்தகைதாரருக்கு, நிவாரணம் பட்டாதாரர் வங்கிக் கணக்குக்கு. மழை வராத ஆண்டில் குத்தகையைக் குறைத்துக்கொள்ளும் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். அதை நம்பி விவசாயம் செய்ய முடியாது. விதைக்கும் முன்பே, கருப்பு மையில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

நிலம் இல்லாதவங்களுக்கு இதுல என்ன இருக்கு? நஷ்டம் விவசாயிக்குத்தானே?

குறுவை நடாமல் போன ஆண்டில் நடவுக்குப் போகும் பெண்களின் கூலி போயிற்று. அதற்கு எந்தக் காப்பீடும் கிடையாது, எந்த நிவாரணப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. களத்தில் மூட்டை தூக்குபவர், டிராக்டர் ஓட்டுபவர், உரக்கடைக்காரர், வைக்கோல் வாங்கி விற்பவர், மாடு வைத்திருப்பவர் என்று வரிசையாகப் போகும். வைக்கோல் நனைந்து அழுகினால் பால் கணக்கும் இடிக்கும். தை அறுவடைப் பணம் வந்த பிறகுதான் ஊரில் கல்யாணம், வீட்டு வேலை, நகை மீட்பு எல்லாம். அது வராத ஆண்டில் டவுன் ஜவுளிக்கடையும் காற்று வாங்கும்.

2018-19 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி மற்றும் சம்பளத்தில் வந்தது 4,063, பயிரில் வந்தது 3,798. தமிழகத்தில் மொத்தம் 11,924. விவசாயக் குடும்பம் என்று பெயர், ஆனால் பயிரைவிடக் கூலியும் சம்பளமும்தான் அதிகம் கொண்டுவருகின்றன. திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போன பிள்ளைகள் அனுப்பும் பணம்தான் பல வயல்களில் உரமாக விழுகிறது.

கடைமடையில தண்ணி உப்பாயிட்டே வருதே, கடல் உள்ள வருதா?

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலம் கடல் மட்டத்தைவிடச் சொற்ப உயரம். ஆற்றில் நன்னீர் தள்ளிக்கொண்டு வந்தால் உப்பு பின்வாங்கும்; ஆறு வறண்டால் அடப்பாறு, அரிச்சந்திரா நதி முகத்துவாரங்கள் வழியாகக் கடல் ஓதம் ஏறும். நிலத்தடியிலும் அப்படித்தான், நன்னீரை உறிஞ்சினால் அந்த இடத்துக்கு உவர்நீர் வரும். கடல் மட்டம் உயர்வது இதைக் கூட்டுகிறது. ஆக, மேட்டூரில் தண்ணீர் குறைவதன் விளைவு கடற்கரையில் உப்பாக முடிகிறது.

இதன் மறுபக்கம் வடிகால். வெள்ளக் காலத்தில் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் ஆற்று நீர் வடியாது. அதோடு வெங்காயத்தாமரை வாய்க்காலை அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்றுப் பகுதியில் ஆறுகளைத் தூர்வாரி, கடைமடை இயக்கு அணைகளைச் சரிசெய்தார்கள். பெரிய வாய்க்கால்களில் பலன் தெரிகிறது. வயலிலிருந்து அந்த வாய்க்காலுக்குப் போகும் கன்னி வாய்க்கால் யார் பொறுப்பு என்பதில்தான் எப்போதும் சண்டை.

பழைய நெல்லுக்கே திரும்பிட்டா என்ன? மாப்பிள்ளைச் சம்பா எதையும் தாங்கும்னு சொல்றாங்களே.

பாதி உண்மை. கடலோரத்தில் குடைவாழையும் உப்புக்குக் குழியடிச்சானும் போன்ற பழைய ரகங்கள் காரணமில்லாமல் நிலைக்கவில்லை. நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டதால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சே நடக்கிறது. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் விதை வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் விளைச்சல் குறைவு, உயரமாக வளர்வதால் சில ரகங்கள் காற்றில் சாயும், கொள்முதல் நிலையத்தில் தனி விலை கிடையாது. நேரடியாக அரிசியாக்கி விற்கத் தெரிந்தவர்களுக்கு லாபம். மூட்டை போட்டு விற்பவர்களுக்கு நஷ்டம்.

நடுவில் ஒரு வழி உண்டு. ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றிலிருந்து வெள்ளம் தாங்கும் மரபணுவை எடுத்துச் சாதாரணக் கலப்பு மூலம் ஸ்வர்ணாவில் சேர்த்தார்கள். 2009இல் ஸ்வர்ணா சப்1 வந்தது. நம் குண்டு நெல் சி.ஆர். 1009க்கும் சப்1 வடிவம் இருக்கிறது. இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பிழைக்கும். களர், உவர் நிலத்துக்குத் திருச்சி 3 ரகம். ஆனால் கவனியுங்கள்: சப்1 ரகங்கள் வளரும் பயிர் மூழ்கினால்தான் தாங்கும். முற்றிய கதிர் மேல் மழை பெய்தால் அதற்கும் அதே கதிதான்.

நெல் வயல்தான் பூமியைச் சூடாக்குதுன்னு பழி போடுறாங்களே, நியாயமா?

தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும், அது உண்மை. மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் நெல்லின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டி. ஆனால் சாப்பிடும் சோற்றையும் சொகுசுக்கு எரிக்கும் எண்ணெயையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

பழியை விடுங்கள், குறைக்கும் வழி நமக்கே லாபம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொன்னதேதான். ஓட்டை போட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சுவது. பூக்கும்போது மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீரில் கால்பங்குக்கு மேல் மிச்சமாகலாம், மீத்தேன் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். போர்செட்காரர்களுக்கு இது கை மேல் பலன். முறை வைத்து ஆற்றுத் தண்ணீர் வாங்குபவர்களுக்குக் கஷ்டம். அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாமல் யார் வயலைக் காயவிடுவார்கள்?

கார்பன் கிரெடிட்ல பணம் தர்றோம்னு ஒரு ஆள் கையெழுத்து கேட்டு வந்தாரு. போடலாமா?

மீத்தேனைக் குறைத்ததற்குச் சான்று வாங்கி, அந்தச் சான்றை விற்பதுதான் கார்பன் கிரெடிட். கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? அளக்கும் செலவு யாருடையது? கிரெடிட் ரத்தானால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பீர்களா? உலகின் பெரிய சான்றளிப்பு அமைப்பான வெர்ரா, 2024இல் சீனாவின் 37 நெல் திட்டங்களைத் தரம் பத்தாது என்று தள்ளியது. தமிழில் எழுதிய ஒப்பந்தம் கொடுக்க மாட்டேன் என்பவரிடம் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நெல்லையே விட்டுட்டு வேற பயிருக்குப் போயிட்டா?

மேட்டுப் பாசனப் பகுதியில் போகலாம், போகிறார்கள். ஆனால் கடைமடைக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் நெல்லைத் தவிர வேறு எதுவும் நிற்காது. நெல் நமக்குப் பிடிவாதமல்ல, அந்த மண்ணில் அந்த மாதத்தில் உயிரோடு இருக்கும் ஒரே பயிர்.

விட்டுவிடக் கூடாதது உளுந்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தையோ பயறையோ தெளித்துவிட்டால், மிச்ச ஈரத்திலேயே விளையும். செலவு மிகக் குறைவு; நெல்லில் கண்ட நஷ்டத்தை உளுந்தில் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் அதற்கும் தேதி வேண்டும். சம்பா பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போனால் உளுந்து வெயிலில் கருகும். பெல்ட் வண்டி ஏறிய வயலில் முளைத்ததெல்லாம் நசுங்கும். நெல்லின் தேதி தவறினால் உளுந்தின் வருமானமும் போகிறது.

கடைசியா ஒண்ணு. இந்த வருஷம் நான் எப்ப விதைக்கிறது?

தண்ணீர் வரும் தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணாதீர்கள், அறுக்க வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பொங்கல் கழித்து, ஜனவரி பின்பாதியில் அறுக்க வேண்டும் என்று வையுங்கள். 155 நாள் ரகம் என்றால் ஆகஸ்டு நடுவிலேயே விதை மண்ணில் இருக்க வேண்டும். செப்டம்பர் நடுவரை தள்ளிவிட்டால் குண்டு நெல்லை மறந்துவிட்டு 130, 135 நாள் ரகத்துக்கு மாறுங்கள். அதற்கும் பிந்தினால் குறுகிய கால ரகம்தான்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, ஆனால் ஆவணி மழை ஒன்று கிடைத்தது என்றால் நாற்றங்காலுக்குக் காத்திருக்காமல் புழுதியில் நேரடியாக விதைத்துவிடுங்கள். களை கூடும், அதற்குச் செலவுண்டு. ஆனாலும் கார்த்திகை வெள்ளம் வரும்போது பயிருக்கு வேர் இருக்கும். இரண்டு வேறு வயதுள்ள ரகங்களை இரண்டு வயலில் பிரித்துப் போட முடிந்தவர்கள் அப்படிச் செய்யுங்கள். காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. தேதியை நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்காமல், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு முன்னாலேயே வாருங்கள். கடைசி மூன்று நாளில் சர்வர் வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை.